எதைக் கெடாமல் வைப்பது?

அயனம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து சேத்துப்பட்டு பதினைந்து கிலோமீட்டர் சொச்சம்தான். வானகரத்தில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைப் பிடித்து மதுரவாயல், கோயம்பேடு, அமைந்தகரை என்று வந்தால், நெரிசல் எவ்வளவு மோசமாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். சேத்துப்பட்டில் இருப்பது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையமாகத் தொடங்கி, பிறகு காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பிற நாட்டு ஆய்வகங்களின் தரத்தையும் சரிபார்த்துச் சொல்லும் தகுதியை உலக சுகாதார நிறுவனம் இதற்கு அளித்திருக்கிறது. இப்படியொரு ஆய்வகம் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, சளி மாதிரியைக் கெடாமல் வைத்து அனுப்புவது மலைக்கிராமத்துக்காரர்களின் கவலை, புறநகர்க்காரர்களுக்கு அது எதற்கு என்று தோன்றலாம். ஆனால் மாதிரி கிலோமீட்டர் கணக்கில் கெடுவதில்லை, மணிக் கணக்கில் கெடுகிறது. சனிக்கிழமை மத்தியானம் ஒருவர் ஒரு மருத்துவமனையில் சளி கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எடுத்துப்போகும் ஆள் திங்கட்கிழமைதான் வருவார். அவர் மற்ற இடங்களிலும் சேகரித்துக்கொண்டு போய்ச் சேர மாலையாகும். மேசைக்கு வருவது செவ்வாய் காலை. மூன்று இரவுகள் கடந்துவிட்டன. கொல்லிமலையில் விடியற்காலையில் எடுத்து அன்றே ஜீப்பில் இறக்கிய மாதிரி இதைவிடப் புதிதாக இருக்கும்.

மூன்று இரவில் அந்தக் குப்பிக்குள் என்ன கெடுகிறது? காசநோய்க் கிருமி செத்துப்போகிறது என்பதுதான் பலரும் சட்டென்று சொல்லும் பதில். அது பெரும்பாலும் தவறு. காசநோய்க் கிருமி மெழுகு போன்ற கொழுப்புச் சுவர் போர்த்திய, நிதானமான உயிர். நல்ல உணவும் உடல் சூடும் கிடைத்தாலும் ஒன்று இரண்டாகப் பதினெட்டு, இருபது மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வெயில் படாத இடத்தில் உலர்ந்த சளியிலேகூட நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சிக்கல் அதன் அக்கம்பக்கத்தாரால் வருகிறது. நெஞ்சிலிருந்து புறப்பட்ட சளி தொண்டையையும் வாயையும் கடந்துதான் குப்பியில் விழுகிறது. வழியில் வாய்க்குள் குடியிருக்கும் நூற்றுக்கணக்கான வகைக் கிருமிகளையும் ஏற்றிக்கொண்டு வருகிறது. அவற்றில் பல அரைமணிக்கொருமுறை இரட்டிக்கக் கூடியவை. தடையில்லாமல் இரட்டித்தால் பத்து மணி நேரத்தில் ஒன்று பத்து லட்சத்தைத் தாண்டும். அதே பத்து மணியில் காசநோய்க் கிருமி ஒருமுறைகூடப் பிரிந்து முடித்திருக்காது. சளி அவ்வளவு கொழுத்த உணவல்ல, நடைமுறையில் வேகம் இதைவிடக் குறைவு என்பது உண்மை. ஆனாலும் போட்டியில் யார் ஜெயிப்பார் என்பதில் சந்தேகமில்லை. சென்னை வீடுகளில் இந்தக் கணக்கு தெரியாதவர் இல்லை. மார்கழியில் விடிய விடிய வைத்தாலும் பொங்க அடம்பிடிக்கும் இட்லி மாவு, அக்னி நட்சத்திரத்தில் மத்தியானத்துக்குள் பாத்திரத்தை விட்டு வழிகிறது. சளிக் குப்பியிலும் நடப்பது அதே புளிப்புதான். மே மாதச் சென்னையின் பகல் வெப்பம் உடல் சூட்டைத் தொட்டுவிடுகிறது. வாய்க்கிருமிகளைப் பொறுத்தவரை அவை வாயை விட்டு வெளியே வந்ததாகவே தெரியாது.

ஆக, கெட்டுப்போவது காசநோய்க் கிருமி அல்ல, அது இருக்கும் இடம். இதை ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி எழுகிறது: இடம் கெட்டால் என்ன நஷ்டம்? அது எந்தப் பரிசோதனைக்கு என்பதைப் பொறுத்தது. நான் இந்த அத்தியாயத்தில் வாதிக்க நினைப்பது இதைத்தான். “மாதிரியைப் பாதுகாத்தல்” என்று பொதுப்படையாக ஒன்று கிடையாது. கிருமியின் உருவம், உயிர், மரபணு என்று மூன்றில் எது நமக்கு வேண்டும் என்று தீர்மானித்த பிறகே பாதுகாக்கும் முறை என்ற பேச்சு வர முடியும். ஒன்றைக் காப்பது இன்னொன்றைக் கொல்லும்.

உருவம் மட்டும் போதும் என்றால் கவலையே வேண்டாம். நுண்ணோக்கியில் பார்ப்பவருக்குக் கண்ணாடித் தகட்டில் சிவப்புச் சாயம் ஏறிய குச்சிகள் தெரிந்தால் சரி, அவை உயிரோடு இருக்க வேண்டியதில்லை. சாயத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொழுப்புச் சுவர்தான்; கிருமி செத்த பிறகும் சுவர் நிற்கும். சென்னை மையத்தின் சி.என். பரமசிவனும் சக ஆய்வாளர்களும் சளி மாதிரிகளை அறை வெப்பத்திலேயே வைத்திருந்து பார்த்து 1983-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நாள்பட வைத்திருந்தும் நுண்ணோக்கி முடிவுகள் பெரிதாக மாறவில்லை, வளர்ப்புச் சோதனையின் முடிவுகள்தான் சரிந்தன. நம் ஊர் வெப்பத்தில், நம் ஊர் நோயாளிகளின் சளியில் செய்த சோதனை என்பதால் எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. குளிர்நாட்டுப் பாடநூலில் “அறை வெப்பம்” என்றால் இருபது டிகிரி. நமக்கு அது முப்பதுக்கு மேல்.

உயிர் வேண்டும் என்னும்போதுதான் கதை கடினமாகிறது. வளர்ப்புச் சோதனையின் அருமை அதன் கூர்மையில் இருக்கிறது. நுண்ணோக்கியில் தென்பட ஒரு மில்லிலிட்டர் சளியில் 5,000 முதல் 10,000 கிருமிகளாவது இருக்க வேண்டும். வளர்ப்புக்கு 10 முதல் 100 போதும், ஆனால் அவை உயிரோடு இருக்க வேண்டும். சென்னையின் பெயர் காசநோய் வரலாற்றில் எழுதப்பட்டதே இந்தச் சோதனையால்தான். 1959-இல் வெளியான சென்னை ஆய்வு, வீட்டிலிருந்தபடியே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமானார்கள் என்று காட்டி, உலகெங்கும் சானடோரியங்களை மூடவைத்தது. “குணமானார்கள்” என்பதற்கு அங்கே பொருள், மாதாமாதம் கொடுத்த சளியில் கிருமி வளராமல் போனது. அந்தச் சளிகள் வழியில் புளித்துப் போயிருந்தால், கிருமி இல்லாததால் வளரவில்லையா, மாதிரி கெட்டதால் வளரவில்லையா என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

மாதிரி புளித்துவிட்டால் ஆய்வகம் அதைச் சுத்தப்படுத்திக்கொள்ளலாமே என்று கேட்கலாம். சுத்தப்படுத்தத்தான் செய்கிறார்கள், எல்லா மாதிரியையும். சோப்புத் தயாரிப்பில் போடும் காஸ்டிக் சோடாவை, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடை, சளியோடு கலந்து குறித்த நிமிடம் வைத்துவிட்டுச் சமன்படுத்துவார்கள். வாய்க்கிருமிகள் கரைந்து சாகும், மெழுகுச் சுவர் உள்ள கிருமி கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும். கவனிக்க வேண்டிய சொல் “கொஞ்சம்”. மிதமான அளவில் செய்தாலே காசநோய்க் கிருமிகளில் மூன்றில் ஒரு பங்குவரை போய்விடும், கடுமையாகச் செய்தால் பாதிக்கு மேல் போகும். அழுக்குத் துணிக்கு அதிகச் சோடா போட்டு வெளுக்கும் வண்ணானுக்குத் துணியும் இற்றுப்போகும் என்பது தெரியும். அதே சங்கடம்தான் இங்கேயும். மாதிரி தாமதமாக வந்தால் வாய்க்கிருமிகள் பெருகியிருக்கும். பெருகினால் காரத்தைக் கூட்ட வேண்டும். கூட்டினால், தேடி வந்த கிருமியே மடியும். அதனால்தான் திட வளர்ப்பு ஊடகத்தில் நூற்றுக்கு மூன்றிலிருந்து ஐந்து குழாய்வரை வேற்றுக்கிருமி படர்ந்து வீணாவதை நல்ல ஆய்வகங்கள் ஏற்றுக்கொள்கின்றன. ஒன்றுகூட வீணாகவில்லை என்று ஓர் ஆய்வகம் பெருமைப்பட்டால், அங்கே காரம் அதிகம் என்றுதான் தேர்வாளர் சந்தேகப்படுவார்.

வீணானால் இன்னொரு சளி வாங்கிக்கொள்ளலாமே என்பது அடுத்த மறுப்பு. ரத்தச் சர்க்கரை சோதனைக்கு இது பொருந்தும், இதற்குப் பொருந்தாது. வேற்றுக்கிருமி படர்ந்தது தெரியவே நாளாகும். வளர்ப்பின் முழு முடிவுக்கோ திரவ ஊடகத்தில் ஆறு வாரம், திட ஊடகத்தில் எட்டு வாரம்வரை காத்திருக்க வேண்டும். அதற்குள் நோயாளிக்குச் சிகிச்சை தொடங்கியிருப்பார்கள், தொடங்கத்தான் வேண்டும். ஐசோநயசிட் என்ற மருந்து ஒன்றே முதல் இரண்டு நாளில் சளியிலுள்ள கிருமிகளின் பெரும்பகுதியைக் கொன்றுவிடக் கூடியது. சிகிச்சைக்கு முந்தைய சளி என்பது ஒரே ஒரு தடவை கிடைப்பது. இரண்டாவது குப்பியில் வருவது வேறொரு நிலையிலுள்ள நோய்.

சரி, வழியிலேயே வாய்க்கிருமிகளை அடக்கி, காசநோய்க் கிருமியை மட்டும் விட்டுவைக்கும் ஒரு மருந்தைக் குப்பியில் ஊற்றி அனுப்பினால் என்ன? 1975-இல் அமெரிக்காவில் ஸ்மித்விக்கும் சக ஆய்வாளர்களும் இதைத்தான் முன்வைத்தார்கள். செட்டைல்பிரிடினியம் குளோரைடு என்ற பொருள் ஒரு பங்கு, சமையல் உப்பு இரண்டு பங்கு என்ற கணக்கில் நூறு பங்கு நீரில் கரைத்து, சளியோடு சம அளவு கலந்து அனுப்பினால், ஒரு வாரத்துக்கு மேலும் காசநோய்க் கிருமி உயிரோடு வந்து சேர்ந்தது. பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், மருந்துக்கடையில் விற்கும் சில வாய் கொப்பளிக்கும் திரவங்களில் இருப்பதும் இதே பொருள்தான். (சளி கொடுக்கும் முன் வெறும் நல்ல தண்ணீரில் வாய் கொப்பளியுங்கள், அந்தத் திரவங்களை வேண்டாம் என்று சொல்வதன் காரணம் இப்போது புரியும்.) குளிர்ப்பெட்டி தேவையில்லை, ஐஸ் தேவையில்லை, ஒரு வாரம் அவகாசம். மின்வெட்டும் வெயிலும் தூரமும் உள்ள நாட்டுக்கு இதைவிட என்ன வேண்டும்? இந்தியக் காசநோய்த் திட்டமும் மருந்து எதிர்ப்பு நோயாளிகளின் சளியை இந்தக் கரைசலில் அனுப்பச் சொன்ன காலம் உண்டு.

ஆனால் சிக்கல்கள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. முதலில் குளிர். “பாதுகாப்பு” என்றாலே குளிர்சாதனப் பெட்டி என்று பழகிய கை, இந்தக் குப்பியையும் உள்ளே வைத்துவிடும். இருபது டிகிரிக்குக் கீழே போனால் இந்தப் பொருள் படிகமாகிக் கரைசலை விட்டுப் பிரிந்துவிடும், அப்புறம் அது வேலை செய்யாது. இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்வது இருந்த பாதுகாப்பையும் நீக்கிவிடுகிறது. இரண்டாவது, சாயம். சென்னை மையத்தின் என். செல்வகுமாரும் சக ஆய்வாளர்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, இந்தக் கரைசலில் வைத்த சளியை வழக்கமான சீல்-நீல்சன் சாயமேற்றலில் பார்த்தால் கிருமிகள் குறைவாகவே கண்ணில் படுகின்றன என்று காட்டியது. உயிரைக் காத்த மருந்து உருவத்தை மறைத்துவிட்டது. மூன்றாவது, எனக்கு மிகவும் சுவையாகப் படுவது. இந்தப் பொருள் மிச்சம் மீதி ஒட்டிக்கொண்டிருந்தால் காசநோய்க் கிருமியின் வளர்ச்சியையும் தடுக்கும். லோவன்ஸ்டைன்-ஜென்சன் என்ற திட ஊடகத்தில் அது தெரியாமல் போனதற்குக் காரணம் கோழிமுட்டை. முட்டையைக் கலந்து உறையவைத்துச் செய்யும் அந்த ஊடகத்தில், முட்டைக் கொழுப்பு இந்த மிச்சத்தைக் கட்டிப்போட்டுவிடுகிறது. பிற்பாடு வேகமான முடிவுக்காக ஆய்வகங்கள் எம்.ஜி.ஐ.டி. என்னும் திரவ வளர்ப்புக்கு மாறின. அந்தக் குழாயில் முட்டை இல்லை. ஒரு காலத்துப் பரிசோதனைக்கு அருமருந்தாக இருந்த கரைசல், அடுத்த தலைமுறைப் பரிசோதனைக்கு விஷமாகிவிட்டது. கரைசலில் ஒரு மாற்றமும் இல்லை, கேள்விதான் மாறியது.

திரவ வளர்ப்பு வந்ததும் திட்டம் மீண்டும் ஐஸ் பெட்டிக்கே திரும்பியது. திருகுமூடி போட்ட ஐம்பது மில்லிலிட்டர் ஃபால்கன் குழாய், மூடியைச் சுற்றி இழுத்து ஒட்டிய பாராஃபிலிம், உறிஞ்சும் பஞ்சோடு ஒரு ஜிப் பை, அதற்கு வெளியே உறைந்த ஜெல் பொட்டலங்கள் அடுக்கிய தெர்மாகோல் பெட்டி என்று மூன்று அடுக்கு. எழுபத்திரண்டு மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது விதி. குளிர் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை, பெருகுவதை நிறுத்தி வைக்கிறது, அவ்வளவே. மாவைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் புளிப்பு நிற்கும், ஆனால் ஏற்கெனவே புளித்த மாவு இனிப்பாகாது. எனவே சளி எடுத்தவுடன் குளிரூட்டுவதும், மறுநாள் எடுத்துப்போகும்போது ஐஸ் பெட்டியில் வைப்பதும் ஒன்றாகாது. பெட்டியில் ஐஸ் இருந்தது என்று பதிவேட்டில் சரிக்குறி போட்டுவிடலாம். அதற்கு முன்பு குப்பி ஜன்னலோரத்தில் ஓர் இரவு கிடந்ததை எந்தச் சரிக்குறியும் காட்டாது. புறநகரில் நஷ்டம் நேர வாய்ப்புள்ள இடம் சாலை அல்ல, இந்த ஜன்னலோரம்தான் என்பது என் கணிப்பு. சளிக்கென்று தனியாக ஒரு சின்னக் குளிர்சாதனப் பெட்டி (தடுப்பூசி வைக்கும் பெட்டியில் இதற்கு இடம் கிடையாது), குப்பியின் மேல் தேதியோடு மணியையும் எழுதும் பழக்கம், இவை இரண்டும் விலையுயர்ந்த கரைசலைவிட அதிகம் காப்பாற்றும்.

இதற்குப் பலமான மறுப்பு ஒன்று உண்டு, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. இப்போதெல்லாம் யார் வளர்த்துப் பார்க்கிறார்கள்? ஜீன் எக்ஸ்பெர்ட் வந்துவிட்டது. கோவாவில் உருவான ட்ரூநாட் கருவி ஆரம்ப சுகாதார நிலையங்கள்வரை போய்விட்டது. இவை கிருமியின் மரபணுவைத் தேடுகின்றன, ரிஃபாம்பிசின் என்ற மருந்துக்குக் கிருமி காட்டும் எதிர்ப்பையும் சில மணி நேரத்தில் சொல்லிவிடுகின்றன. மரபணுவுக்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டிய அவசியமில்லை. எக்ஸ்பெர்ட் சோதனைக்கான சளியை முப்பத்தைந்து டிகிரிவரை மூன்று நாள் வைத்திருக்கலாம் என்று தயாரிப்பாளரே அனுமதிக்கிறார். அப்படியானால் நம் சனிக்கிழமைக் குப்பிக்குப் பெரிய ஆபத்தில்லை. இதில் பெரும்பகுதியை நான் ஒப்புக்கொள்கிறேன். நோய் இருக்கிறதா என்ற முதல் கேள்விக்கு மரபணுச் சோதனைதான் சரியான வழி. அதை அயனம்பாக்கத்துக்கு அருகிலேயே செய்துவிட்டால் பயணம் என்ற பேச்சே இல்லை. அந்தக் குப்பிக்காக ஐஸ் பெட்டியைத் தேடி நேரத்தை வீணாக்குவது வெறும் சடங்கு.

ஆனால் மரபணு செத்தவரையும் இருப்பவரையும் பிரித்துச் சொல்லாது. சிகிச்சை முடித்துப் பல மாதம் ஆனவரின் சளியிலும் செத்த கிருமியின் மரபணு கிடைக்கலாம். மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்பிவிட்டதா என்ற கேள்விகளுக்கு உயிர் உண்டா இல்லையா என்பதே விடை. அடுத்தது புதிய மருந்துகள். பெடாகுவிலின், பிரெட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃப்ளாக்சசின் நான்கையும் சேர்த்த ஆறுமாதச் சிகிச்சைக்கு இந்தியா 2024-இல் ஒப்புதல் கொடுத்தது. இதில் முதுகெலும்பு பெடாகுவிலின். ரிஃபாம்பிசின் எதிர்ப்பு மரபணுவின் ஒரு சிறு துண்டுக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடுவதால் கருவி அதை எளிதாகப் பிடிக்கிறது. பெடாகுவிலின் எதிர்ப்போ மரபணுவில் அங்குமிங்கும் சிதறிய பல மாற்றங்களால் வருவது, அவற்றில் எது உண்மையில் மருந்தைத் தோற்கடிக்கும் என்பதும் எல்லாவற்றுக்கும் தெளிவாகவில்லை. மரபணுவை வரிசையாகப் படிக்கும் முறைகள் வளர்ந்து வருகின்றன என்றாலும், மருந்து கலந்த குழாயில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பதே இன்றும் நம்பத்தகுந்த விடை. விசித்திரம் என்னவென்றால், சுலபமான நோயாளிக்குச் செத்த மாதிரி போதும், சிக்கலான நோயாளிக்குத்தான் உயிருள்ள மாதிரி வேண்டும். எண்ணிக்கையில் அவர்கள் சிலர் என்பதால் போக்குவரத்தை எல்லோருக்கும் பொதுவாகத் திட்டமிட்டால், இழப்பு அந்தச் சிலர் தலையில்தான் விழும்.

ஒற்றைக் குப்பிக்காகத் தினமும் ஒரு வண்டி ஓட்டக் கட்டுப்படியாகாது என்று திட்ட அதிகாரி ஒருவர் சொன்னால் அதிலும் நியாயம் உண்டு. தபால் துறையின் வழியாகச் சளி மாதிரிகளை அனுப்பிப் பார்க்கும் முயற்சி வட இந்தியாவில் 2018-இல் நடந்ததும் இந்தக் கணக்கால்தான். எப்படியும் ஓடும் வண்டியில் ஒரு பெட்டியை ஏற்றினால் செலவு சொற்பம். ஆனால் தபாலுக்கும் ஞாயிறு உண்டு. எனக்குத் தோன்றுவது இதைவிடச் சாதாரணமானது: வளர்ப்புக்கான சளியைச் சனிக்கிழமை வாங்காமல் இருப்பது. நோயாளியிடம் திங்கள் விடிகாலைச் சளியைக் கேட்டு வாங்கினால் அது இரவெல்லாம் நெஞ்சில் சேர்ந்தது என்பதால் கிருமியும் அதிகம், அன்றே போய்ச் சேரவும் செய்யும். முதல் சோதனைக்கு இப்படிக் காக்கவைக்கக் கூடாது, அது எந்த நாளானாலும் உடனே. கண்காணிப்புச் சோதனைக்கு இரண்டு நாள் தள்ளிப்போவதால் ஒன்றும் குடிமுழுகாது. எந்தக் குப்பி எதற்கு என்று சளி வாங்குபவருக்குத் தெரிந்திருந்தால்தான் இந்த வேறுபாட்டைக் காட்ட முடியும்.

சளியை ஒரு வடிகட்டியில் படியவைத்து, உலர்த்தி, அறை வெப்பத்திலேயே அனுப்பும் முறையை தில்லி எய்ம்ஸ் ஆய்வாளர்கள் உருவாக்கியிருக்கிறார்கள். அனுப்பும் முன்பே கிருமி செயலிழந்துவிடும், தொற்றும் அபாயம் இல்லை, மரபணு பத்திரமாக இருக்கும், உறையில் போட்டு அனுப்பிவிடலாம். கிருமியைக் கொன்று மரபணுவை மட்டும் காக்கும் கரைசல்களும் சந்தைக்கு வந்திருக்கின்றன. நாக்கைப் பஞ்சுக்குச்சியால் துடைத்தெடுத்துச் சோதிக்கும் வழியும் ஆராயப்படுகிறது. அது நிலைத்தால் சளியே வராத நோயாளிகளுக்குப் பெரிய நிம்மதி. புதிதாக இருமலோடு வருபவர்களின் மாதிரிகளில் பெரும்பாலானவை இன்னும் சில ஆண்டுகளில் இப்படித் தாளாகவும் குச்சியாகவும் பயணம் செய்யும் என்றே நினைக்கிறேன். மருந்து எதிர்ப்புக் காசநோய்க்கு நான்காவது மாதமும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அயனம்பாக்கத்துக்காரர் ஒருவரின் சளி அப்படிப் போக முடியாது. அவரும் மருத்துவரும் கேட்பது, உள்ளே இன்னும் உயிர் மிச்சமிருக்கிறதா என்று. அந்தக் குப்பி உயிர் இருந்தால் உயிரோடு, இரண்டு மூன்று நாளுக்குள், ஐஸ் பெட்டியில்தான் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்தாக வேண்டும்.